பிரித்துப் பார்த்துக் கற்ற மேதை!

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கிளம்ப மறுத்தால், தேர்ந்த மெக்கானிக் எடுத்தவுடன் எந்த உதிரிபாகத்தையும் மாற்றுவதில்லை. பிளக்கைக் கழற்றி, அதன் உலோகப் பகுதி என்ஜின் ஹெட்டைத் தொடுமாறு வைத்து, கிக்கரை ஒருமுறை மிதித்துப் பார்க்கிறார். பளிச்சென்று நீல நிறத்தில் தீப்பொறி வந்தால் பெட்ரோல் வரும் வழியைச் சோதிக்கிறார். வராவிட்டால், மின்சாரம் எந்த இடத்தில் நின்றுபோனது என்று பின்னோக்கித் தேடத் தொடங்குகிறார். பிளக், காயில், கன்டென்சர், பாயின்ட், சுவிட்ச், பேட்டரி என ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்து, குறை இல்லாதவற்றை விலக்கிக்கொண்டே வந்து, குறை உள்ள இடத்தில் கை வைக்கிறார்.

சென்னையின் மேற்குப் புறநகரில், பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் நோக்கிச் செல்லும் சி.டி.எச். சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் இத்தகைய பட்டறைகளைக் காணலாம். ஆவடியில் வாழும் ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியனான எனக்கு, அவற்றைக் கடக்கும்போதெல்லாம் கோவை தந்த ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை நினைவுக்கு வருவதுண்டு. இந்தியாவின் எடிசன் என்று அவரைப் போற்றுகிறோம். அந்தப் பட்டம் அவருக்குப் பொருத்தமானதே. ஆனால், கண்டுபிடிப்பாளர் என்கிற அந்தப் புகழின் ஒளியில், அவருடைய அறிவு எங்கிருந்து பிறந்தது என்பது மறைந்துவிடுகிறது. அது ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்ததில் இருந்து பிறந்தது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று, கோவையை அடுத்த சூலூர் அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியைத் தாண்டாமலேயே படிப்பு நின்றுபோனது. தந்தையின் நிலத்தில் வேலை செய்தபடி, கையில் கிடைத்த நூல்களைத் தாமே படித்தார். இக்காலக் கணக்கெடுப்பில் அவரை நிறுத்தினால், பள்ளி இடைநின்றோர் என்கிற பட்டியலில் ஓர் எண்ணாக மட்டுமே அவர் இடம்பெற்றிருப்பார்.

இருபது வயதை ஒட்டிய அந்தக் காலத்தில், வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதை அவர் கண்டார். அது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரான ரட்ஜ் வண்டி. மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே போக்குவரத்தாக இருந்த ஊரில், இழுக்க எந்த விலங்கும் இல்லாமல் ஓடிய அந்த இயந்திரம் அவரைப் பற்றிக்கொண்டது. அதை வாங்குவதற்காகவே ஊரைவிட்டுக் கோவைக்கு வந்தார். உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த அதிகாரியிடமே சென்று ரூ.300 கொடுத்து வண்டியை வாங்கினார்.

நம்மில் பலராக இருந்தால் அதில் ஏறி ஊர்வலம் வந்திருப்போம். நாயுடு அதைப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். கோவையின் பிற்காலத் தொழில் வரலாற்றில் பாதி அந்தப் பிரித்துப் பூட்டலில் அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையாகாது.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் பேட்டரி கிடையாது. இரவில் ஒளி தந்தது பெரும்பாலும் கார்பைடு விளக்குதான். வண்டியில் இருந்த ஒரே மின்கருவி மேக்னட்டோ. குதிரை லாட வடிவிலான காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே, கம்பி சுற்றிய ஓர் உருளை, என்ஜினின் சுழற்சியால் சுற்றும். தடித்த கம்பியின் சில சுற்றுகளும், அவற்றின்மேல் முடி போன்ற மெல்லிய கம்பியின் ஆயிரக்கணக்கான சுற்றுகளும் அந்த உருளையில் இருக்கும். சுழலும்போது தடித்த கம்பியில் மின்னோட்டம் உண்டாகும். மிகச் சரியான தருணத்தில் பாயின்ட் எனப்படும் சிறு தொடுமுனை திறந்து அந்த ஓட்டத்தைத் துண்டிக்கும். அந்த நொடியில் மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் எழுந்து, பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறியாகப் பாயும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதி, ஒரு கைப்பிடி அளவுப் பெட்டிக்குள் வேலை செய்வதைத்தான் மேக்னட்டோவில் காண்கிறோம்.

காந்தப்புலம், கம்பிச் சுற்று, மின்காப்பு, சுழலும் உருளை, அதைத் தாங்கும் பேரிங் ஆகியவையே மின் மோட்டாருக்கும் அடிப்படை. அசைவில் இருந்து மின்சாரம் எடுப்பது மேக்னட்டோ. மின்சாரத்தில் இருந்து அசைவை எடுப்பது மோட்டார். கல்லூரி வாசலை மிதிக்காத ஓர் இளைஞர், முதல் உலகப் போர் காலத்துக் கோவையில், மின்னியலின் இந்த அரிச்சுவடியைத் தம் விரல்களால் தொட்டுப் படித்திருக்கிறார் என்றே நான் கருதுகிறேன். அதன் பலன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது.

பழுது பார்க்கும் அறிவு எத்தகையது என்பதை விளக்க, என் அனுபவம் ஒன்றைக் கூறலாம். என் தந்தையார் விட்டுச்சென்ற, பாயின்ட் வைத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன்பு அதற்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. காலையில் ஒரே மிதியில் கிளம்பும். நான்கைந்து கிலோமீட்டர் ஓடியதும் இருமிக்கொண்டே நின்றுவிடும். அரைமணி நேரம் கழித்து எதுவும் நடக்காததுபோல மீண்டும் கிளம்பும். ஒரு பட்டறையில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார்கள். இன்னொன்றில் பிளக்கையும் காயிலையும் மாற்றினார்கள். நோய் தீரவில்லை.

மூன்றாவதாக, அறுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் செய்த முதல் வேலை, வண்டியை ஓட்டிச் சென்று அது நிற்கும்வரை காத்திருந்ததுதான். நின்றதும், முகப்பு விளக்கின் மேலிருந்த ஆம்மீட்டரின் முள்ளைக் கவனித்தபடி கிக்கரை மெல்ல அழுத்தினார். பாயின்ட் மூடியபோது முள் ஒருபுறம் சாய்ந்தது; திறந்தபோது நடுவுக்குத் திரும்பியது. பேட்டரியில் இருந்து பாயின்ட் வரை மின்சாரம் ஒழுங்காக வருகிறது என்பது எதையும் கழற்றாமலே உறுதியாயிற்று. பிறகு பாயின்ட்டின் மூடியைக் கழற்றி, தொடுமுனையைத் திறந்து காட்டினார். பிளக்கில் பாய வேண்டிய பொறி அங்கேயே பெரிதாகப் பறந்தது. அப்படியானால் சூடேறியதும் செயலிழப்பது கன்டென்சர் என்று முடிவுக்கு வந்தார். விரல் நுனி அளவே உள்ள அந்தப் பாகத்தை மாற்றி, பாயின்ட்டை எம்ரி தாளால் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தார். வண்டி அதன்பின் வழியில் நிற்கவில்லை.

முந்தைய இரு பட்டறைகளுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு கருவியில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. அவர்கள் எதை மாற்றலாம் என்று கேட்டார்கள். இவர் எது சரியாக இருக்கிறது என்று கேட்டு, அதை விலக்கிக்கொண்டே வந்தார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை, செய்து கற்றல் என்பதைப் பொருளாதார வளர்ச்சியின் ஊற்றுகளில் ஒன்றாக நிறுவியது. உற்பத்தியில் ஈடுபட ஈடுபட அனுபவம் பெருகுகிறது. அந்த அனுபவமே அடுத்த உற்பத்தியின் திறனை உயர்த்துகிறது என்பது அதன் சாரம். வகுப்பறையில் இதை நடத்தும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டியது நாயுடுவின் வாழ்க்கையைத்தான்.

மெக்கானிக்காகப் பெயர் பெற்ற நாயுடு, பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். ஈட்டியதைப் பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் இழந்தார். மீண்டும் கோவைக்கே திரும்பியபோது அவரிடம் மிஞ்சியிருந்தது இயந்திரங்களைப் பற்றிய அறிவு மட்டுமே. கோவையின் ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அந்த அறிவை மதித்தார். அவருடைய உதவியோடு 1920-இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார் நாயுடு. தொடக்கக் கல்வியோடு நின்றுபோன, ஒருமுறை வணிகத்தில் தோற்ற ஒருவருக்கு அந்த உதவி கிடைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இங்கே ஈடாக இருந்தது சொத்து அல்ல, திறமை.

ஒரு பேருந்து பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற அவருடைய நிறுவனம், நாட்டிலேயே மிகத் திறம்பட நடத்தப்பட்ட பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அதன் வெற்றிக்குக் காரணம் பயணச்சீட்டு வருமானம் மட்டும் அன்று. அந்நாளில் ஒரு பேருந்தின் உதிரிபாகம் பழுதானால், மாற்றுப் பாகம் கடல் கடந்து வர வேண்டும். அதுவரை வண்டி நிற்கும். நிற்கும் வண்டி வருமானம் தராது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். எனவே, பழுது பார்ப்பதும், இயன்ற பாகங்களை உள்ளூரிலேயே செய்துகொள்வதும் பேருந்துத் தொழிலின் உயிர்நாடியாயின. பேருந்துகள் ஊருக்குப் போக்குவரத்தைத் தந்தன என்றால், அவற்றைப் பராமரித்த பணிமனை ஊருக்குத் தொழிலாளர்களைத் தந்தது.

இந்த வேளையில்தான் கோவையின் தலையெழுத்தை மாற்றிய இன்னொரு நிகழ்வும் நடந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. பஞ்சாலைகள் பெருகின. ஆழக் கிணறுகளில் இருந்து நீர் இறைக்க மின் மோட்டார் தேவைப்பட்டது. ஆனால், மோட்டார்கள் வெளிநாட்டில் இருந்தே வந்தன. 1937-இல் கோவை பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸ், டி. பாலசுந்தரம் நாயுடுவின் கைவண்ணத்தில் ஒரு மின் மோட்டாரை உருவாக்கியது. இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் என்று அதைத் தொழில் வரலாறு குறிப்பிடுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் இன்று நாடு முழுவதும் கோவையின் பெயர் சொல்லப்படுகிறது என்றால், அதன் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று பேருந்துகளைப் பழுது பார்த்த அந்தப் பணிமனைப் பண்பாடு.

நாயுடுவின் ஆர்வம் ஒரு துறையில் அடங்கவில்லை. உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய ரேசன்ட் என்ற சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, திரைப்படக் கேமராவுக்கான தொலைவு சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் என அவர் உருவாக்கியவற்றின் பட்டியல் நீளமானது. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை ரூ.70 விலையில் இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று 1941-இல் அறிவித்தார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் ஆய்வுகள் நடத்தினார். சர் சி.வி. ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அவருடைய பண்ணைக்கு வந்து பார்த்து வியந்தனர். ஐரோப்பாவில் பயணம் செய்தபோது, 1936-இல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம்பிடித்தார்.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். இவற்றில் பெரும்பாலானவை வானத்தில் இருந்து விழுந்த புதுமைகள் அல்ல. ஏற்கெனவே இருந்த ஒரு பொருளில் எது இடறுகிறது, எது வீணாகிறது, எது விலையை ஏற்றுகிறது என்று கண்டு, அந்த இடத்தைச் சரிசெய்ததன் விளைவுகள் அவை. பழுது பார்ப்பவரின் மனம்தான் அங்கும் வேலை செய்தது.

இந்த மனத்தைப் பிறருக்கும் ஊட்ட வேண்டும் என்று நாயுடு விரும்பினார். 1945-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்ற அவரே காரணமாக இருந்தார். முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். அந்தக் கல்லூரியே பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. ஆனால், பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அரசு அதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பில் இருந்து விலகினார்.

கல்லூரியில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் அவருடைய கணக்கை நான் முழுமையாக ஏற்க மாட்டேன். கணிதமும் கோட்பாடும் ஊறித் தெளியக் காலம் வேண்டும். பாலத்தையும் விமானத்தையும் பிரித்துப் பார்த்து மட்டும் கற்றுவிட முடியாது. ஆனால், அவர் எழுப்பிய கேள்வி இன்னும் விடை பெறாமல் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் மின்னியல் படித்து வெளிவரும் மாணவரிடம் ஓடாத இயந்திரம் ஒன்றைக் கொடுத்தால், எங்கிருந்து சோதிக்கத் தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறதா? ஆண்டுகளின் எண்ணிக்கையை விட, அந்த ஆண்டுகளில் கை எத்தனை முறை இயந்திரத்தைத் தொட்டது என்பதே நாயுடுவின் உண்மையான கவலை என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய வாழ்க்கையில் மிகுந்த வருத்தம் தரும் அத்தியாயம் 1952-இல் வந்தது. இருவர் அமரக்கூடிய பெட்ரோல் காரை அவர் உருவாக்கினார். விலை ரூ.2,000. அன்றைய இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் ரூ.300-க்கும் குறைவு என்பதால், அது ஏழையின் கார் அன்று. ஆனால், நடுத்தரக் குடும்பம் ஒன்று எட்டிப் பிடிக்க நினைத்துப் பார்க்கக்கூடிய விலை. தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1952-இல்தான். அரசின் உரிமம் இல்லாமல் இத்தகைய தொழிலில் இறங்க முடியாது என்ற நிலை உருவானது. நாயுடுவின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1955 ஜனவரியில், நான் வாழும் இதே ஆவடியில் யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற குறிக்கோளை அந்த மாநாடு தீர்மானமாக ஏற்றது. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இந்தியப் பொருளாதாரத்தின் திசையைக் காட்டிய தீர்மானம் அது. அதைக் குறை கூறுவது இன்று எளிது. ஆனால், ஆவடிக்காரனால் அப்படி ஒருதலையாகப் பேச முடியாது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், மோட்டார் வாகன மின்கருவிகளைச் செய்யும் பாடித் தொழிற்சாலையும் அந்தக் காலத்தின் குழந்தைகளே. இப்பகுதியின் பல்லாயிரம் குடும்பங்கள் அவற்றால் தலைநிமிர்ந்தன.

அந்நியச் செலாவணியும் எஃகும் அரிதாக இருந்த நாட்டில், எதற்கு முன்னுரிமை என்று அரசு முடிவு செய்ததில் நியாயம் உண்டு. பிழை வேறிடத்தில் இருந்தது. உரிமம் கோரியவரின் மூலதனத்தையும் விண்ணப்பத்தையும் எடைபோடத் தெரிந்த அமைப்புக்கு, அவருடைய கைத்திறனை எடைபோடத் தெரியவில்லை. திட்டமிட்டவர்கள் தொழிற்சாலையை அறிந்திருந்தார்கள், பட்டறையை அறிந்திருக்கவில்லை.

இங்கே ஜப்பானின் சோய்ச்சிரோ ஹோண்டாவை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். நாயுடுவை விடப் பதின்மூன்று வயது இளையவர். உயர்கல்வி இல்லாதவர். 1922-இல் டோக்கியோவில் வாகனப் பழுது பட்டறை ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். போருக்குப் பின், ராணுவ வானொலிகளுக்கு மின்சாரம் தரப் பயன்பட்ட சிறு என்ஜின்களை மிதிவண்டிகளில் பொருத்தி விற்றார். 1948-இல் நிறுவனம் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில், கார் தயாரிப்பாளர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த ஜப்பானிய அரசின் தொழில் அமைச்சகம் சட்டம் கொண்டுவர முயன்றபோது, அதை வெளிப்படையாக எதிர்த்தார். அந்தச் சட்டம் நிறைவேறவில்லை. 1963-இல் ஹோண்டாவின் நான்கு சக்கர வாகனங்கள் சந்தைக்கு வந்தன.

இருவரும் பழுது பட்டறையில் பிறந்த மேதைகள். இருவர் வழியிலும் அரசின் தடை குறுக்கிட்டது. ஒருவரின் தடை வரைவுச் சட்டமாகவே மடிந்தது. மற்றவரின் தடை நடைமுறைச் சட்டமாக நின்றது. உரிமம் கிடைத்திருந்தால் நாயுடுவின் கார் உலகை வென்றிருக்கும் என்று நான் கூற வரவில்லை. சந்தை அதைத் தோற்கடித்திருக்கவும் கூடும். தோற்றிருந்தாலும், அதைச் செய்த நூறு கைகள் அடுத்த காரைச் செய்யக் கற்றிருக்கும். நாம் இழந்தது ஒரு காரை அன்று, அந்தக் கற்றலை.

பிற்காலத்தில் தொழிற்பயிற்சியிலும் தொழிலாளர் நலனிலும் நாயுடு கவனம் செலுத்தினார். தாம் திரட்டிய கருவிகளையும் இயந்திரங்களையும் பொதுமக்கள், குறிப்பாக இளைஞர்கள், பார்த்துக் கற்கும் வகையில் கண்காட்சியாக வைத்தார். 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகம் இன்றும் மாணவர்களை ஈர்க்கிறது. அவரை நாம் அங்கே காட்சிப்பொருளாக வைத்துவிட்டோம் என்பதுதான் என் கவலை. அவர் எந்த மண்ணில் முளைத்தாரோ, அந்த மண் நம் தெருக்களில் வறண்டுகொண்டிருக்கிறது.

1980-களின் நடுவில் இந்திய-ஜப்பானியக் கூட்டில் வந்த மோட்டார் சைக்கிள்கள் பாயின்ட்டை ஒழித்தன. மின்னணுப் பெட்டி ஒன்று அதன் இடத்தைப் பிடித்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரும் மறைந்தது. பெட்ரோல் அளவையும் தீப்பொறியின் தருணத்தையும் ஒரு சிறு கணினியே முடிவு செய்கிறது. காற்று தூய்மையாவது நல்லதே. ஆனால், அந்தக் கணினி சொல்லும் பழுதுக் குறியீட்டைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். பல நேரங்களில் அந்தக் கருவியும், மின்கம்பி வரைபடமும் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தின் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. தெருமுனைப் பட்டறை வெளியே நிற்கிறது.

மின் வாகனங்கள் பெருகும் இக்காலத்தில் இந்த இடைவெளி மேலும் விரியும். மின் வாகனத்தின் உள்ளே இருப்பதும் காந்தப்புலமும் கம்பிச் சுற்றும்தான். பொறியைப் பின்தொடர்ந்து குறையைத் தேடத் தெரிந்த மெக்கானிக்குக் கோட்பாடு அந்நியமானதன்று. வரைபடமும், சோதனைக் கருவியும், உயர் மின்னழுத்தத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் கொடுத்தால் அவர் கற்றுக்கொள்வார். கொடுக்காவிட்டால், பாகத்தைக் கழற்றி மாற்றுபவராக அவரோ அவருடைய மகனோ சுருங்கிப்போவார்கள். குறையைக் கண்டறிபவர் இல்லாத நாட்டில், பாகத்தை வடிவமைப்பவரும் உருவாக மாட்டார்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பழுது பார்க்கும் உரிமை குறித்து ஆராய 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் நலத் துறை ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. வாகனத் தயாரிப்பாளர்கள் மின்கம்பி வரைபடத்தையும் பழுதறியும் கருவியையும் நியாயமான விலையில் எந்தப் பட்டறைக்கும் வழங்க வேண்டும் என்பதைச் சட்டபூர்வக் கடமையாக்குவதே அடுத்த படியாக இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, முன்பே கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்று வழங்கும் திட்டம் நம்மிடம் இருக்கிறது. எழுத்துத் தேர்வை ஒதுக்கி, பழுதான வண்டியை முன்னே நிறுத்தி, குறையைக் கண்டறியச் சொல்லும் செய்முறைத் தேர்வாக அது அமைய வேண்டும். அதில் தேறும் மூத்த மெக்கானிக்குகளை, பட்டம் இல்லை என்று ஒதுக்காமல், அம்பத்தூர் போன்ற இடங்களில் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் வருகைப் பயிற்றுநர்களாக நியமிக்க வேண்டும். பொறியியல் கல்லூரிகள் முதல் ஆண்டிலேயே மாணவர்களை ஒரு பருவம் அவர்களிடம் அனுப்பலாம்.

மூன்றாவதாக, வங்கிகள். அன்று ராபர்ட் ஸ்டேன்ஸ் கண்டதை இன்றைய கிளை மேலாளர் காண வழி வேண்டும். செய்முறைத் தேர்வில் பெற்ற சான்றையே ஈடாகக் கொண்டு, சோதனைக் கருவி வாங்கவும் மின் வாகனப் பயிற்சி பெறவும் கடன் வழங்கினால், அந்தப் பணம் வீண்போகாது.

ஆவடியிலோ கலங்கலிலோ, ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில், பழைய இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஒரு சிறுவன் அமர்ந்திருக்கலாம். மதிப்பெண் பட்டியலில் அவனுக்கு இடம் இல்லாமல் இருக்கலாம். அவனை அதட்டி எழுப்பிவிடாமல், அடுத்து எதைக் கழற்ற வேண்டும் என்று சொல்லித்தர ஒருவரை அவன் அருகில் அமர்த்துவது அரசின் கடமை, நம் கடமையும்கூட.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).